தகுதி என்னும் தாழ்ப்பாள்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (வேதியியல்) மாணவன்

சென்ற பருவத்தில் ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர், "பட்டம் வேலைக்குக் கதவா, தாழ்ப்பாளா?" என்று கேட்டார். மணி அடித்ததும் விடையைக் கேளாமலே போய்விட்டார். வகுப்பில் பெரும்பாலோர் 'கதவு' என்றோம். பின்வரிசையிலிருந்து ஒரு நண்பன் 'ஜன்னல்' என்று சொல்லிச் சிரிப்பை வாங்கிக்கொண்டான். நானும் 'கதவு' என்றுதான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேறு என்ன சொல்லத் தோன்றும்? ஆனால் வீட்டுக்குப் போகும் பேருந்தில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் வீட்டிலேயே அந்தத் தாழ்ப்பாளில் விரல் நசுங்கியவர்கள் இருவர் இருக்கிறார்கள். அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன். முழு விடை என்று உரிமை கொண்டாட மாட்டேன்.

எட்டாம் வகுப்பும் லாரியும்

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பதினான்கு வயதில் லாரியில் கிளீனராக ஏறினார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பிற மாவட்டத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கிளீனர் என்பவர் வண்டியைத் துடைப்பவர் மட்டுமல்லர். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, தார்ப்பாய் கட்டுவது, டயர் மாற்றுவது, வண்டி பின்னால் வரும்போது உடம்பைத் தட்டித் தட்டிக் குரல் கொடுப்பது, இரவில் டிரைவரின் கண் அயராதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது எல்லாம் அவர் வேலை. இத்தனைக்கும் நடுவில், சுமை இறக்கும் மைதானங்களிலும் ஷெட்டிலும் டிரைவர் அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துப் பழக்குவார். ஐந்தாறு ஆண்டுகளில் கிளீனர் டிரைவராவது அந்தத் தொழிலின் வழக்கம். அதுதான் அவர்களுடைய கல்லூரி.

அப்பா முதலில் இலகு ரக வாகன உரிமம் எடுத்தார். கனரக வாகன உரிமம் எடுப்பதைப் பணம் சேரட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். 2012-இல் அவர் வேலை செய்த வண்டியின் முதலாளி, "பேட்ஜ் எடுத்துட்டு வா, வண்டியை உங்கையில குடுத்தர்றேன்" என்றார். அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே முதலில் கேட்டது எட்டாம் வகுப்புச் சான்றிதழை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் எட்டாம் விதி 2007-இல் திருத்தப்பட்டது. போக்குவரத்து வாகனம் ஓட்டும் உரிமம் பெற எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றது அந்தத் திருத்தம். ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. புதிதாகக் கேட்பவர்களுக்கு இல்லை. அப்பா 2007-க்கு முன்னால் போயிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். பணம் சேரட்டும் என்று காத்திருந்த ஆண்டுகள் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டன.

விதியின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாலைப் பலகையைப் படிக்க வேண்டும். பெர்மிட்டையும் சரக்குச் சீட்டையும் சரிபார்க்க வேண்டும். ஆனால் அப்பா தினத்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். கர்நாடகத்திலும் மகாராட்டிரத்திலும் இருக்கும் பலகைகளைத் தமிழில் எட்டாம் வகுப்புத் தேறியவரும் படிக்க முடியாது. இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்காமல் எந்தக் கியரில் இறங்குவது, பாரம் ஒருபக்கம் சாய்ந்த வண்டியை வளைவில் எப்படித் திருப்புவது என்று கேட்டிருந்தால் அவர் விடை சொல்லியிருப்பார். அந்தக் கேள்விக்கு முன்னாலேயே கதவு சாத்தப்பட்டது. ஓட்டத் தெரியுமா என்று சோதிக்க ஒரு தேர்வு தனியாக இருக்கும்போது, அந்தத் தேர்வுக்கு வரவே கூடாது என்று சொல்லும் இன்னொரு தகுதி எதற்கு?

அப்பா கோழித்தீவன ஆலை ஒன்றில் மூட்டை தூக்கப் போனார். ஒரு மூட்டை ஐம்பது கிலோ. மூட்டைக் கூலியும் லாரி டிரைவர் சம்பளமும் ஒன்றல்ல. 2016-இல் என் அக்கா பத்தாம் வகுப்பில் 500-க்கு 431 மதிப்பெண் எடுத்தாள். அந்தக் கோடையில் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. யாரும் அழவும் இல்லை. ஜூன் மாதம் அக்கா பள்ளிபாளையம் விசைத்தறிப் பட்டறை ஒன்றில் தார் சுற்றும் வேலைக்குப் போனாள். நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். அப்பாவிடம் இல்லாமற்போன எட்டாம் வகுப்புச் சான்றிதழ்தான் அக்காவின் பதினோராம் வகுப்பைத் தின்றது என்று எனக்குப் புரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

கதை இதோடு முடியவில்லை. 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம், 7500 கிலோவுக்கு மேற்படாத மொத்த எடையுள்ள போக்குவரத்து வாகனத்தை இலகு ரக உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம், தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பர் 6 அன்று அதை உறுதி செய்தது. முதல் தீர்ப்புக்குப் பிறகு அப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வாடகைக்குக் 'குட்டி யானை' ஓட்ட ஆரம்பித்தார். 2019-இல் எட்டாம் வகுப்பு விதியையே மத்திய அரசு நீக்கியது. அரியானாவின் மேவாத் பகுதியில் ஓட்டத் தெரிந்தும் படிப்பில்லாததால் உரிமம் பெற முடியாதவர்கள் ஏராளம் என்று அந்த மாநில அரசு எடுத்துச் சொன்னதும், நாட்டில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று சொல்லப்பட்டதும் இந்த மாற்றத்துக்குக் காரணங்கள். படிப்புக்குப் பதில் பயிற்சியையும் திறன் தேர்வையும் பார்ப்போம் என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த தாழ்ப்பாள் ஓர் அறிவிக்கையில் கழன்றது.

செய்தியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இனிமே லாரிக் கிளட்ச மிதிக்க முழங்கால் ஒத்துக்காது கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

பிறப்பு போய்ச் சான்று வந்த கதை

இத்துடன் நிறுத்தினால் சான்றிதழ் என்பதே ஒரு சூழ்ச்சி என்று முடிவு கட்டிவிடலாம். அதுவும் சரியன்று. சான்றிதழ் வருமுன் வேலைக்குள் நுழைய என்ன கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

கம்பெனி ஆட்சியில் 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிங், அரசு வேலைக்கு ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தரத் தீர்மானித்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1929-இல் சென்னை மாகாணத்தில் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. படிப்பும் உத்தியோகமும் நம் மாநிலத்தில் கைகோத்தது இப்படித்தான். ஆனால் ஊருக்குள் அந்தக் காற்று வீச வெகுகாலம் ஆயிற்று. கிராமத்தின் நிலக் கணக்கையும் வரி வசூலையும் கையில் வைத்திருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தன. கிராமப் பதவியைப் பரம்பரை உரிமையாகத் தருவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஆந்திர வழக்கு ஒன்றில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயினும் பழக்கம் எளிதில் போகுமா? என் பாட்டனார் பட்டா விஷயமாக மணியக்காரர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று பேசியதை அப்பா சிறு வயதில் பார்த்திருக்கிறார். 'திண்ணைக்குக் கீழே' என்பதை அவர் அழுத்திச் சொல்வார்.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அந்தப் பகுதி நேரக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. 1981-இல் அது சட்டமாயிற்று. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் என்ற முழுநேரப் பதவி வந்தது. தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தேர்வாணையம் வைக்கும் தேர்வில் வெற்றி பெற வேண்டும். யார் மகன் என்ற கேள்வி போய், என்ன படித்தாய் என்ற கேள்வி வந்தது. முதல் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் யாராலும் விடை சொல்லியிருக்க முடியாது. இரண்டாவதற்கு முயன்றால் சொல்லலாம். ஆகவே சான்றிதழை ஏசுகிறவர்கள், அது இல்லாதிருந்தால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிபாரிசுக்கு ஆளில்லாதவனுக்கு மதிப்பெண் பட்டியலே சிபாரிசு.

இந்தப் பதவியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கட்டுரையின் கடைசியில் அது மீண்டும் வருகிறது.

அறிஞர் இருவர்

பொருளாதாரத் துறை நண்பன் ஒருவன் எனக்கு இரண்டு பெயர்களைச் சொன்னான். ஒருவர் மைக்கேல் ஸ்பென்ஸ். 1973-இல் அவர் எழுதிய ஆய்வுரை, படிப்பு என்பது ஒரு 'சைகை' என்கிறது. வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் உள்ளே இருக்கும் திறமை தெரியாது. திறமையுள்ளவருக்குப் பட்டம் வாங்குவது எளிது, இல்லாதவருக்குக் கடினம் என்று வைத்துக்கொண்டால், பட்டத்தைப் பார்த்தே ஆளை அறியலாம். பட்டப்படிப்பில் கற்ற பாடம் வேலைக்குப் பயன்படாவிட்டாலும் பரவாயில்லை. வேதியியல் மாணவர்களுக்குச் சொன்னால், பட்டம் லிட்மஸ் தாளைப் போன்றது. அது கரைசலை மாற்றுவதில்லை. கரைசல் இன்னதென்று காட்டுகிறது. இத்தகைய ஆராய்ச்சிக்காக அவர் வேறு இருவருடன் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நோபல் பரிசு பெற்றவரை மறுத்துப் பேசும் வயது எனக்கில்லை. ஆயினும் ஓர் ஐயத்தை எழுதிவிடுகிறேன். பட்டம் வாங்குவது ஒருவனுக்குக் கடினமாக இருப்பது திறமைக் குறைவால் மட்டுமா? 431 மதிப்பெண் எடுத்த பெண்ணுக்குப் பதினோராம் வகுப்பு கடினமாகிப் போனது எதனால்? வறுமையும் அதே நிறத்தைத்தான் காட்டும் என்றால் அந்த லிட்மஸ் தாளை எப்படி நம்புவது?

மற்றொருவர் ரொனால்ட் டோர். 1976-இல் வெளிவந்த அவருடைய 'தி டிப்ளமா டிசீஸ்' என்ற நூல் இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை எடுத்துக்கொண்டு, சான்றிதழ் எப்படி ஒரு நோயாகிறது என்று காட்டுகிறது. ஒரு வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்ற நிலையில் பத்தாம் வகுப்புத் தேறியவர் பெருகுகிறார்கள். வடிகட்டுவதற்காகப் பன்னிரண்டாம் வகுப்பு என்கிறார்கள். அதுவும் பெருகுகிறது, பட்டம் என்கிறார்கள். வேலை மாறவில்லை, வாசற்படி மட்டும் உயர்கிறது. தொழில் வளர்ச்சியில் பின்தங்கித் தொடங்கிய நாடுகளில் இந்த நோய் கடுமையாகப் பற்றும் என்பது அவர் கருத்து. நாடகக் கொட்டகையில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவரும் எழ வேண்டியிருக்கிறது. கடைசியில் எல்லாரும் நிற்கிறோம். முன்பு உட்கார்ந்து பார்த்ததைவிட அதிகமாக யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. கால் வலிதான் மிச்சம்.

வேண்டிய தாழ்ப்பாள்

சில வாசல்களில் தாழ்ப்பாள் இருந்தே ஆக வேண்டும். மருந்தாளுநர் சட்டம் 1948-இல் வந்தபோது, அதற்கு முன் ஐந்தாண்டுகள் மருந்து கலக்கும் தொழிலில் இருந்தவர்களுக்கும் முதற்பதிவேட்டில் இடம் கொடுத்தார்கள். பழையவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பவில்லை. பதிவு பெற்றவரைத் தவிர வேறு எவரும் மருந்து கலந்து கொடுக்கக் கூடாது என்ற பிரிவை 1984-இல்தான் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பரம்பரை வைத்தியம் செய்வோர், அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல் மருத்துவத் தொழில் நடத்த முடியாது என்று கேரள வழக்கு ஒன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எங்கள் ஊரில் முறிவுக்குக் கட்டுப்போடும் பெரியவரிடம் எனக்கு மதிப்பு உண்டு; என் இடக்கையை நேராக்கியவரே அவர்தான். ஆயினும் நச்சுப் பொருளின் அளவு பற்றி ஓராண்டு ஆய்வகத்தில் படித்த பிறகு, தீர்ப்பு தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொரு வாசல். நம் மாநிலத்தில் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. மின் ஒயரிங் தொழிலில் ஐந்தாண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயதும் இருந்தால் எழுதலாம். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் பள்ளிப் படிப்பை முடிக்காமலே இந்தத் தேர்வில் தேறினார். இன்று அவர் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. தொழில் தெரியுமா என்று தொழிலையே கேட்கும் தேர்வு அது. லாரிக்கு அப்படி ஒன்றை 2007-இல் யாரேனும் யோசித்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு. இதற்கு எதிரான நிகழ்ச்சியும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பொறியாளராக விரும்பியவர்களுக்கு இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வு ஒரு வழியாக இருந்தது. 2013 மே 31 வரை அதில் சேர்ந்தவர்களுக்குத்தான் அது பட்டத்துக்கு இணை என்ற அங்கீகாரம் நிலைத்தது.

நம் வகுப்பினருக்குச் சில செய்திகள்

நம் துறையில் பலர் ஆசிரியராக விரும்புகிறோம். வழியைக் கணக்கிட்டுப் பார்த்தால் மூச்சு வாங்கும். மூன்றாண்டு பட்டம், பிறகு பி.எட். 2015-க்கு முன் ஓராண்டாக இருந்தது இப்போது இரண்டாண்டு. பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. மொத்தம் 150 மதிப்பெண், பொதுப்பிரிவினர் 90 எடுக்க வேண்டும். தமிழகத்தில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி மூவாயிரம் பேர்கூடத் தேறவில்லை. தேறியவருக்கும் வேலை உறுதியில்லை. 2014-இல் வந்த அரசாணை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15, தகுதித் தேர்வுக்கு 60 என்று எடை போட்டது. மதிப்பெண்ணைக் கைவிரித்துக் கொடுக்காத காலத்தில் பள்ளி முடித்த மூத்தவர்கள் இதனால் பின்னே தள்ளப்பட்டார்கள். பதினெட்டு வயதில் எழுதிய தேர்வு முப்பத்தெட்டு வயதில் வந்து மறித்தது. 2018-இல் அந்த எடைமுறை போய், தகுதித் தேர்வுக்கு மேல் ஒரு போட்டித் தேர்வு வந்தது. உள்ளே இருப்பவர்களும் தப்பவில்லை. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை இப்போது மாலையில் தன் மகளுடைய மேசையில் உட்கார்ந்து படிக்கிறார். அவரால்தான் நான் இங்கு வந்தேன். அவருக்கு இன்னும் 'தகுதி' வேண்டுமாம்.

முதலாண்டுத் தம்பி தங்கையர் கவனிக்க இன்னொன்று: மேற்படிப்புக்குப் போகும்போது பட்டத்தின் பெயரைக் கூர்ந்து பாருங்கள். பெயரில் ஒரு சொல் கூடிவிட்டால், அது வேதியியலுக்கு இணையா இல்லையா என்று உயர்கல்வித் துறையின் அரசாணையைத் தேட வேண்டியிருக்கும். சேருமுன் கேட்டுக்கொள்வது நல்லது. முடித்தபின் கேட்டவர்கள் படும் பாட்டை நாம் பார்க்கிறோம்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் பட்டதாரிகள்

இனி அக்காவின் கதை. விசைத்தறியில் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. தறிச் சத்தத்தில் வலக்காது சற்று மந்தம். திருமணப் பேச்சு வரும்போதெல்லாம், "இன்னொரு பரீட்சை எழுதிக்கறேன்" என்று தள்ளுகிறாள். அவள் குறி வைத்திருப்பது கிராம நிர்வாக அலுவலர் பதவி. ஆம், பாட்டனார் திண்ணைக்குக் கீழே நின்ற அதே பதவி. இப்போது அது தொகுதி நான்கு தேர்வில் சேர்க்கப்பட்டிருக்கிறது. 200 வினா, 300 மதிப்பெண், தகுதி இன்றும் பத்தாம் வகுப்புதான்.

முதலில் அவளைப் பட்டதாரியாக்கிவிடலாம் என்று நான் நினைத்தேன். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமலே பட்டம் படிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். விசாரித்தபோது, பத்தும் பன்னிரண்டும் முறையாக முடிக்காமல் பெறும் அத்தகைய பட்டம் தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை இருப்பது தெரிந்தது. பட்டம் கையில் இருக்கும். ஏணியில் நடுப்படி இல்லை என்பதால் மேற்படியும் இல்லை என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிட்டுப் பிறகு பட்டம் என்றால் இன்னும் ஐந்தாண்டு. "பத்தாவதுக்கு உள்ள வேலைக்கு எதுக்குடா பட்டம்?" என்றாள் அக்கா. அந்தக் கேள்வியின் எளிமை என்னைத் திகைக்க வைத்தது.

இங்கே ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பஞ்சாப் நேஷனல் வங்கி 2016-இல் கடைநிலை ஊழியர் பதவிக்கு ஆள் கேட்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒடிசாவைச் சேர்ந்த பட்டதாரி ஒருவர் தம் பட்டத்தை மறைத்து வேலை வாங்கினார். உண்மை வெளிப்பட்டதும் வங்கி அவரை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. என்ன தகுதி வேண்டும் என்று முடிவு செய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு, மறைத்து நுழைந்தவர் உரிமை கோர முடியாது என்றது. முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒருவன் படித்தது ஒரு குற்றமா? தலைமுறை தலைமுறையாகப் படிக்காதே என்றார்கள். இப்போது ஏன் படித்தாய் என்கிறார்களா? வகுப்பில் நண்பர்களிடம் இதை ஆவேசமாகச் சொல்லிக் கைத்தட்டலும் வாங்கினேன்.

அக்காவிடமும் அதே ஆவேசத்தோடு சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அந்த ஆளு எடுத்துக்கிட்ட எடம் பட்டம் இல்லாத ஒருத்தனுக்கு வெச்சிருந்ததுதானே?" என்றாள். மேற்கொண்டு அவள் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

2022 தொகுதி நான்கு தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவித்த இடங்கள் 7301. 2025-இல் 3935 இடங்கள் என்று அறிவித்தபோது ஏறத்தாழ 13.9 லட்சம் பேர். இடங்களைப் பிறகு கொஞ்சம் கூட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் இத்தனை பேரில் பத்தாம் வகுப்போடு நின்றவர் எத்தனை பேர் வெல்வார்கள்? பயிற்சி மையங்களில் உட்கார்ந்திருப்போரைப் பாருங்கள். பி.எஸ்ஸி., எம்.ஏ., பி.இ. என்று நாமெல்லாம் அங்கேதான் இருக்கிறோம். நமக்கு வேறு வேலை இல்லாததால் ஒருபடி கீழே இறங்கி வருகிறோம். நாம் இறங்கி நிற்கும் படியில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை நாம் எண்ணுவதில்லை. 1980-இல் பிறப்பிடமிருந்து பிடுங்கிப் பத்தாம் வகுப்பிடம் கொடுத்த நாற்காலியை, ஒரு விதியும் மாறாமலே பட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது.

அப்படியானால் வங்கியைப் போலப் பட்டதாரிகளைத் தடுத்துவிடலாமா? எனக்குத் துணிவு வரவில்லை. தடுத்தால் நாங்கள் எங்கே போவோம்? மேல்படியில் எங்களுக்கு இடம் இருந்தால் கீழே யார் வரப் போகிறார்கள்? ஒரு பங்கு இடங்களையாவது பத்தாம் வகுப்போடு நின்று, இத்தனை ஆண்டு உழைத்தவர்களுக்கென ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்க 2010-இல் சட்டம் செய்ய முடிந்த மாநிலத்தில் இது நடவாத காரியமன்று. சட்டத்தில் எப்படி நிற்கும் என்று அறிந்த பேராசிரியர்கள் சொல்ல வேண்டும்.

2025 ஜூலை 12 அன்று நானும் அக்காவும் ஒரே பேருந்தில் தேர்வு எழுதப் போனோம். இரண்டு பேருக்கும் அம்மா ஒரே டப்பாவில் புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார். அதற்கு முந்தைய ஆறு மாதமும் இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில் நான் அவளுக்குத் தனிவட்டியும் கூட்டுவட்டியும் சொல்லிக் கொடுத்தேன். அவள் எனக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தாள். தமிழில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அக்டோபரில் முடிவு வந்தது. இருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. என் தரவரிசை எண் அவளுடையதற்கு முன்னால் இருந்தது. இடையில் பல்லாயிரம் பேர். அந்தப் பல்லாயிரம் பேருக்கும் முன்னால், அவளுக்கு வழியை மறித்துக்கொண்டு, அவள் பணத்தில் படித்த தம்பி.

சென்ற வாரம் அவள் மறுபடியும் பழைய வினாத்தாள்களை எடுத்துத் தூசி தட்டினாள். நான் ஆய்வகக் குறிப்பேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அடுத்த தடவையும் நீ எழுதறயா?"

எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "எழுது எழுது. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காச்சும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டுவட்டிக் கணக்கு ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.